யாருடைய பயம் தகுந்த பயம்?

நியூயார்க்கில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் தரும் விதி ஒன்றை அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2022 ஜூன் 23ஆம் தேதி செல்லாது என்றது. அன்றிலிருந்து நம் சின்ன வட்டத்தில் இரண்டு குரல்களைக் கேட்டு வருகிறேன். முதல் குரல் மூத்தவர்களுடையது: அமெரிக்கனுக்குத் துப்பாக்கி ஒரு பைத்தியம், நல்ல சட்டம் ஒன்று இருந்தது, அதையும் நீதிபதிகள் கெடுத்துவிட்டார்கள். இரண்டாவது குரல் இளையவர்களுடையது: ஆயுதம் அரசின் கையில் மட்டும் இருக்கட்டும் என்று சொல்பவன் எப்படிக் கலகக்காரன் ஆவான், தற்காப்புதானே தனிமனிதனின் கடைசி அரண்?

இரு தரப்பும் அந்த விதியைப் படிக்கவில்லை என்பது பேசிய ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கவிதையைப் படிக்காமலே கவிஞனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நமக்குப் பழக்கமான காரியம். சட்டத்தையும் அப்படியே பாவிக்கிறோம். நானும் வெகுநாள் முதல் குரலோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவன்தான். அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அந்தச் சட்டத்தின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். அதில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனி அக்கறை இருக்கிறது. 1911 ஜனவரி 23ஆம் தேதி பட்டப்பகலில், நியூயார்க் கிராமர்ஸி பார்க் பக்கத்தில் டேவிட் கிரஹாம் ஃபிலிப்ஸ் என்ற நாவலாசிரியரை ஒருவன் வழிமறித்துச் சுட்டான். 1906இல் அமெரிக்க செனட்டின் ஊழலைப் பற்றித் தொடர் எழுதி, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் கோபத்தைச் சம்பாதித்தவர் இந்த ஃபிலிப்ஸ். சுட்டவன் அரசியல்வாதியின் கையாள் அல்ல. கோல்ட்ஸ்பரோ என்ற வயலின் வித்வான், வசதியான குடும்பத்துப் பிள்ளை. ஃபிலிப்ஸின் நாவல் ஒன்றில் தன் சகோதரியையே இழிவாகச் சித்தரித்திருக்கிறார் என்று நம்பியவன். சுட்ட இடத்திலேயே தன்னையும் சுட்டுக்கொண்டு செத்தான். ஃபிலிப்ஸ் மறுநாள் இறந்தார். ஒரு வாசகன் தன் பயத்தையும் அவமானத்தையும் ஒரு புத்தகத்தில் படித்தான். அவை அந்தப் புத்தகத்தில் இல்லை.

முந்திய ஆண்டுதான் மேயர் கேய்னரை ஒருவன் சுட்டிருந்தான். நகரம் கொதித்துப்போயிருந்தது. டம்மனி ஹால் கட்சி இயந்திரத்தின் பெரும்புள்ளியான செனட்டர் டிமோதி சல்லிவன் கொண்டுவந்த சட்டம் அந்த ஆண்டே நிறைவேறி, ஆகஸ்ட் கடைசியில் அமுலுக்கு வந்தது. மறைத்து வைக்கக்கூடிய எந்தத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும்; இல்லாமல் வெளியே எடுத்துச் சென்றால் பெருங்குற்றம். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கோல்ட்ஸ்பரோவைப் போன்ற ஒருவனிடம் ரிவால்வர் சுலபமாகக் கிடைக்கக்கூடாது என்பதில் யாருக்குத்தான் ஆட்சேபணை இருக்கும்?

ஆனால் சட்டம் முதலில் யாரைப் பிடித்தது? பணக்கார வீட்டு வயலின்காரர்களை அல்ல. சில வாரங்களில் தண்டனை பெற்று ஸிங் ஸிங் சிறைக்கு ஒரு வருஷம் போனவன், இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளி. 'கறுப்புக் கை' என்ற பெயரில் மிரட்டிப் பணம் பறித்த கூட்டத்துக்குப் பயந்து ரிவால்வர் வைத்திருந்ததாகச் சொன்னான். அந்தக் கூட்டம் கற்பனையல்ல. அதன் மிரட்டல் கடிதங்களும் வெடிகுண்டுகளும் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் நிறைந்து கிடந்தன. ஆனாலும் அவனுடைய பயம் பயமாக ஏற்கப்படவில்லை. அவன் இனத்தாரின் கெட்ட வழக்கமாக ஏற்கப்பட்டது.

1913இல் வந்த திருத்தம்தான் விஷயத்தின் மையம். மறைத்து எடுத்துச் செல்ல விரும்புகிறவன் 'தகுந்த காரணம்' காட்ட வேண்டும். எது தகுந்தது என்று சட்டம் சொல்லவில்லை. நகரத்தில் அதை நிர்ணயிக்கும் வேலை போலீஸிடம் போய்ச் சேர்ந்தது. பின்னால் கோர்ட்டுகள் கொடுத்த விளக்கம் இது: பொதுமக்கள் எல்லோருக்கும் உள்ள பயம் போதாது, தனக்கென்று விசேஷமான ஆபத்து இருப்பதாக நிரூபிக்க வேண்டும். குற்றம் மலிந்த பேட்டையில் குடியிருக்கிறேன், அங்கேதான் வேலை பார்க்கிறேன் என்பதெல்லாம் விசேஷக் காரணம் ஆகாது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வைரம் எடுத்துச் செல்லும் வியாபாரியின் பயம் விசேஷமானது. நள்ளிரவு ஷிப்ட் முடிந்து பிராங்ஸில் இறங்கி நடக்கிற ஆஸ்பத்திரி ஊழியரின் பயம் பொதுவானது. அவருடைய தெருவில் எல்லோருக்கும் அந்தப் பயம் இருப்பதாலேயே அது செல்லாது. ஆபத்து எங்கே அதிகமோ அங்கே பயத்துக்கு மதிப்பு இல்லை. இந்தச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வைத்திருந்தவர்களில் ஒருவர் டொனால்ட் டிரம்ப். லைசென்ஸ் பிரிவின் பழைய அதிகாரிகள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்ததாக 2017இல் பெடரல் வழக்குகள் வந்தன. சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நம் மூத்தவர்கள் கடுமை என்று மெச்சிய விஷயம் இதுதான். அந்தக் கடுமை விதியில் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருப்பவனின் பார்வையில் இருந்தது.

சுப்ரீம் கோர்ட்டில் இந்த விதிக்கு எதிராக வாதாடியவர்கள் துப்பாக்கி சங்கத்துக்காரர்கள் மட்டும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஏழைகளுக்காக இலவசமாக வழக்காடும் நியூயார்க் வக்கீல்கள், பிராங்ஸ் டிஃபெண்டர்ஸும் லீகல் எய்டின் கறுப்பின வக்கீல்களும் உட்பட, விதி போக வேண்டும் என்று தனி மனு போட்டார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்காக அங்கே வழக்கில் மாட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள், ஹிஸ்பானியர்கள். துப்பாக்கியை யார் மேலும் நீட்டாமல், வெளியே வைத்திருந்ததற்கு மட்டும் குறைந்தது மூன்றரை வருஷச் சிறை விதிக்கக்கூடிய குற்றம் அது.

கடல் தாண்டிய விவகாரம்தானே என்பவர்களுக்கு: 1878ஆம் வருஷத்து இந்திய ஆயுதச் சட்டம் ஐரோப்பியர்களுக்கு விலக்களித்துவிட்டுத்தான் நம்மிடம் லைசென்ஸ் கேட்டது. இன்று அமுலில் இருக்கும் 1959ஆம் வருஷத்துச் சட்டமும் அதிகாரிக்கு 'நல்ல காரணம்' காட்டச் சொல்கிறது. அந்த வார்த்தைக்கு நாம் புதியவர்கள் அல்ல.

இனி இளையவர்களிடம் வருகிறேன். 1984 டிசம்பர் 22ஆம் தேதி நியூயார்க் பாதாள ரயிலில் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்ற வெள்ளையன் நான்கு கறுப்பின இளைஞர்களைச் சுட்டான். அவர்களில் ஒருவன் அவனிடம் ஐந்து டாலர் கேட்டான். கெட்ஸை 1981இல் சிலர் தாக்கி வழிப்பறி செய்தது உண்மை. அவன் லைசென்ஸுக்கு மனுச் செய்ததும், போலீஸ் மறுத்ததும் உண்மை. மறுத்த பிறகு ஃப்ளோரிடாவுக்குப் போனபோது ஒரு ரிவால்வர் வாங்கிக்கொண்டான். நகரத்தில் பாதிப்பேர் அவனை வீரன் ஆக்கினார்கள். நான்கு பேரும் பிழைத்தார்கள். ஒருவன் முதுகெலும்பில் குண்டு பாய்ந்து முடமானான். 1987இல் ஜூரி கொலை முயற்சிக் குற்றச்சாட்டுகளிலிருந்து கெட்ஸை விடுவித்தது, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டித்தது. 1996இல் இன்னொரு ஜூரி, முடமானவனுக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

கெட்ஸ் செய்ததும் லைசென்ஸ் அதிகாரி செய்ததும் வேறு வேறு என்று நான் நினைக்கவில்லை. அதிகாரி மனுதாரனின் முகத்தைப் பார்த்து அவனுடைய பயத்தை எடை போட்டான். கெட்ஸ் எதிரே நின்றவர்களின் முகத்தைப் பார்த்துத் தன் பயத்துக்கு எடை கொடுத்தான். ஒருவன் தவறு செய்தால் மனு திரும்பி வரும். மற்றவன் தவறு செய்தால் ஆள் திரும்பி வரமாட்டான். தற்காப்பு என்ற சொல்லைத் தூக்கிப் பிடிக்கும் நண்பர்கள், ரயில் பெட்டியில் எந்தப் பக்கத்தில் தாங்கள் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள்? எப்போதும் துப்பாக்கி வைத்திருப்பவனின் பக்கத்தில்தான். பார்த்ததும் இன்னொருவனுக்குப் பயம் தருகிற நிறமும் உடையும் தங்களுக்கு இருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

புள்ளிவிவரத்தைக் காட்டி இதை முடித்துவிடலாம் என்கிறவர்களும் உண்டு. 1990இல் நியூயார்க் நகரத்தில் நடந்த கொலைகள் 2,200க்கு மேல். 2017இல் 300க்கும் கீழே. இரண்டு வருஷத்திலும் அமுலில் இருந்தது அதே சல்லிவன் சட்டம், அதே 'தகுந்த காரணம்'. ஆக, சட்டம் காப்பாற்றியது என்பவனும், சட்டம் கொன்றது என்பவனும் இந்த எண்ணிக்கையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒரு நகரத்தின் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. 1980 டிசம்பர் 8ஆம் தேதி ஜான் லென்னனைக் கொன்றவன் ரிவால்வரை ஹொனலூலு கடையில் முறைப்படி வாங்கி நியூயார்க்குக்கு எடுத்து வந்தான். அவனிடமும் ஒரு நாவல் இருந்தது.

எனக்குச் சங்கடம் தருகிற ஆள் கெட்ஸ் அல்ல, ஓடிஸ் மெக்டொனால்ட். சிகாகோ நகரம் 1982இல் கைத்துப்பாக்கிகளைப் பதிவதையே நிறுத்தி, புதிதாக வாங்குவதற்கு வழியில்லாமல் செய்தது. பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மெக்டொனால்ட், பல தடவை திருட்டுப்போன வீட்டில் இருந்த கறுப்பினக் கிழவர், அந்தத் தடையை எதிர்த்து வழக்காடினார்; 2010இல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். அவரிடம் போய் அஹிம்சை உபதேசம் செய்ய எனக்கு நாக்கு எழாது. 1956இல் வீட்டில் குண்டு வெடித்த பிறகு மார்ட்டின் லூதர் கிங்கே மாண்ட்கோமரியில் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுச் செய்தார், மறுத்துவிட்டார்கள். பின்னால் அவர் துப்பாக்கியை வேண்டாம் என்று விட்டது அவரே எடுத்த முடிவு. மறுத்த அதிகாரிக்கு அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லை.

ஆக, நான் சொல்வது இதுதான். கடுமை இருக்கட்டும், விதியில் இருக்கட்டும். வயது, பயிற்சி, பூட்டி வைக்கும் பொறுப்பு, நிரூபணமான முன்குற்றம் என்று எல்லோருக்கும் ஒரே பட்டியல். ஏழைக்கும் கட்டுப்படியாகிற கட்டணம். மறுத்தால் எழுத்தில் காரணம். ரயிலிலும் கூட்டம் நெருக்கும் இடத்திலும் கூடாது என்றால் யாருக்கும் கூடாது, கோடீஸ்வரனுக்கும் கூடாது. குடும்ப வன்முறைக்காகக் கோர்ட் தடையுத்தரவு போட்டவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம் என்று 2024இல் அதே சுப்ரீம் கோர்ட் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. அது ஒருவன் செய்ததைப் பார்த்து விதிக்கிற கட்டுப்பாடு. அவன் முகத்தைப் பார்த்து அல்ல.

தீர்ப்புக்குப் பிறகு 2022இலேயே நியூயார்க் போட்ட புதுச் சட்டம் இந்தப் பாடத்தைப் பாதிதான் கற்றது. பதினாறு மணி நேர வகுப்பு, இரண்டு மணி நேரச் சுடும் பயிற்சி என்று விதியாக எழுதியது நல்லது. 'நல்ல ஒழுக்கம்' என்று ஒரு ஷரத்தையும் வைத்தது. மூன்று வருஷத்தில் புழங்கிய சமூக ஊடகக் கணக்குகளையும் போலீஸிடம் காட்டு என்றது. 2023 டிசம்பரில் மேல் கோர்ட் அந்தக் கடைசிக் கோரிக்கையை நிறுத்தி வைத்தது. நிறுத்தியிராவிட்டால், ஒருவன் எழுதியதைப் படித்து அவன் எப்பேர்ப்பட்டவன் என்று நிர்ணயிக்கும் வேலை மறுபடியும் ஒரு மேஜைக்கு வந்திருக்கும். கோல்ட்ஸ்பரோ செய்ததும் அந்த வேலையைத்தான்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. 'இதில் ஏதோ இல்லை' என்று சொல்லி ஒருவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, என்ன இல்லை என்று சொல்ல மறுக்கிற விமர்சனத்தை நாம் வெகுகாலம் கடுமை என்று கொண்டாடியிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, நியூயார்க் அதிகாரியின் கடுமையும் நம்மவர்களுக்கு உடனே பிடித்துப்போயிற்று. மறுப்பு வரத்தான் செய்யும். வரட்டும், விதியைப் படித்துவிட்டு வரட்டும்.