வண்டின் முன் மண்டியிட்ட நாடு

நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மலைகளில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் மாதங்களில், கொழுந்து பறிக்கும் நம் தாய்மாருக்கு ஒரு நோய் நன்கு தெரியும். தளிர் இலையில் எண்ணெய்ப் பொட்டுப்போல ஒரு புள்ளி தோன்றும். சில நாட்களில் அது கொப்புளமாகும், வெண்மை பூக்கும், பின்னர் கருகும். கொப்புள நோய் என்று நூலோர் இதற்குப் பெயரிட்டுள்ளனர். 1946ஆம் ஆண்டில் இந்நாட்டுத் தேயிலையில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்நோய், பறிக்கப்படும் இளந்தளிரையே தின்பதால் விளைச்சலின் உயிர்நிலையையே தாக்குகிறது. துரைமாரும் ஆய்வாளரும் அறிவதற்கு முன்னரே அதனை அறிபவை அப்பெண்களின் கண்களும் விரல்களுமே. எனினும், தேயிலை ஏற்றுமதியைக் காப்பது எப்படி என்று கொழும்பில் கூடி ஆராய்வோர் நடுவே அவர்களுக்கென ஓர் இருக்கை இடப்பட்டதாக நாம் இன்றுவரை கேள்விப்பட்டதில்லை.

இதனை நாம் இங்கு எடுத்துரைப்பது வெறும் மனக்குறையை வெளியிடுவதற்காக அன்று. பயிரின் பூச்சியும் நோயும் தோட்டத்தோடு நிற்கும் சிறு சங்கதிகள் அல்ல. அவை ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றவல்லவை என்பதை 2017ஆம் ஆண்டின் கடைசி மாதம் நமக்குக் காட்டிச் சென்றது. அந்தப் பாடத்தை நாம் உண்மையாகவே படித்தோமா என்பதுதான் எமது கேள்வி.

நடந்தது என்ன? அவ்வாண்டு டிசம்பர் மாத நடுவில், இலங்கையிலிருந்து சென்ற தேயிலைச் சரக்கொன்றின் பொதியில் கப்ரா வண்டு காணப்பட்டதாக ருஷ்ய அதிகாரிகள் அறிவித்தனர். டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலை முழுவதற்கும் அந்நாட்டின் கதவு அடைக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 150 கோடி டொலர் ஈட்டித் தந்த ஏற்றுமதி. அதில் முன்னணியில் நிற்கும் வாங்குநரோ ருஷ்யா. ஒரே ஒரு பூச்சி; அதுவும் மிகச் சிறியது. அதன் முன் ஒரு நாட்டின் வாணிபம் நிலைகுலைந்து நின்றது.

இதில் விந்தை என்னவெனில், கப்ரா வண்டு தேயிலையைத் தின்பதில்லை. அது தானியத்தின் பகை. கோதுமை, அரிசி, பயறு முதலிய சேமிப்புப் பொருள்களைத் தூளாக்கிவிடும் கொடிய பூச்சி. அதன் புழு உணவின்றியே ஆண்டுக்கணக்கில் உயிர் தாங்கவல்லது. கொள்கலனின் பலகை இடுக்கிலோ, பண்டகசாலைச் சுவரின் வெடிப்பிலோ, சாக்கின் மடிப்பிலோ ஒளிந்திருந்து, வாய்ப்பு நேர்ந்தபோது வெளிப்படும். ஆகவே குற்றம் தேயிலைச் செடியின்மீது இல்லை. கொழுந்து பறித்த கையின்மீதும் இல்லை. செடிக்கும் கப்பலுக்கும் இடையே உள்ள வழியில், பண்டகசாலையிலோ பொதி கட்டுமிடத்திலோ கொள்கலனிலோ, எங்கோ ஒரு கதவு திறந்து கிடந்திருக்கிறது.

இனி, அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்க் கூரைத் தகடு நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பது. 2018ஆம் ஆண்டு தொடக்கம் அதன் இறக்குமதியை நிறுத்துவதென அரசாங்கம் முன்னரே முடிவு செய்திருந்தது. அக்கல்நாரை உலகுக்கு மிகுதியாக விற்கும் நாடுகளுள் முதன்மையானது ருஷ்யா. தேயிலைக்கு வழி அடைபட்ட சில நாட்களுக்குள் நமது அமைச்சரவை அந்த முடிவை ஒத்திப்போட்டது. அம்மாதம் முடியுமுன்னரே தேயிலைக்கு வழி திறந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா, இல்லையா என்று வழக்காட நாம் விரும்பவில்லை. நாட்காட்டியே பேசுகிறது. வண்டின்பேரால் ஏற்பட்ட நெருக்கடி தீர்ந்தது. கல்நார் தொடர்ந்து வந்தது. அக்கூரைகளின் கீழ் உறங்குவோர் யார்? ஏழைகளே அல்லவா? அவர்களுள் மலையகத்து மக்களும் உளர்.

“இது ருஷ்யாவின் அரசியல் தந்திரம், வண்டு வெறும் சாக்கு” என்று அன்று பலர் கூறினர். இருக்கலாம். வலியவன் எளியவனை அடக்கச் சாக்குத் தேடுவது உலக வழக்கம். ஆனால் அச்சாக்கை அவன் கையில் கொடுத்தவர் யார்? வீட்டுக் கதவைத் தாழிடாமல் விட்டுவிட்டுத் திருடனின் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது அறிவுடைமை ஆகாது. நமது பண்டகசாலைகள் தூயன, நமது பொதிகள் சோதிக்கப்பட்டன, நமது சான்றிதழ் பொய்யாதது என்று ஆதாரத்தோடு நிமிர்ந்து சொல்லக்கூடிய நாட்டை மிரட்டுவது எளிதன்று. சான்றிதழின் மதிப்பு அதன் முத்திரையில் இல்லை. அதன் பின்னே நிற்கும் உண்மையில் இருக்கிறது.

அயலார் பட்ட அனுபவமும் இதுவே. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில், பழ ஈக்கள் காணப்பட்டமையால், இந்தியாவின் மாம்பழத்துக்கும் சில காய்கறிகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. இந்தியா கூச்சலிட்டதோடு நிற்கவில்லை; பொதியிடும் இடங்களைச் சீர்ப்படுத்திச் சோதனையை இறுக்கியது. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாம்பழத்தின் மீதிருந்த தடை நீங்கியது. தென்னாபிரிக்காவின் தோடம்பழத்துக்கும் இதே சோதனை வந்தது. பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சி காரணமாக, கடுங்குளிரில் குறித்த நாட்கள் வைத்தே அனுப்பவேண்டுமென 2022ஆம் ஆண்டில் ஐரோப்பா விதி செய்தது. அந்நாடு அதனை உலக வர்த்தக நிறுவனத்தின் முன் வழக்காகக் கொண்டுசென்றது. 2024ஆம் ஆண்டில், கரும்புள்ளி நோய் பற்றிய விதிகளை எதிர்த்து மற்றொரு வழக்கையும் தொடுத்தது. அவ்வாறு வழக்காட அந்நாட்டுக்குத் துணிவைக் கொடுத்தது எது? தோட்டந்தோறும் நடத்திய கண்காணிப்பும், அதன் பதிவேடுகளுமே. ஆதாரம் உடையவன் வாதாடுகிறான். ஆதாரம் இல்லாதவன் பேரம் பேசுகிறான். நாம் பேரம் பேசினோம்.

இம்மலைகளுக்கு இப்பாடம் புதிதன்று. இன்று தேயிலை விளையும் சரிவுகளில் அன்று கோப்பி விளைந்தது. 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்ததைக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்னும் அறிஞர் அதற்குப் பெயரிட்டார். பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, 1880இல், மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி ஆராய்ச்சிக்கென வரவழைக்கப்பட்டார். காற்றில் பரவும் வித்துகளே நோய்க்குக் காரணம், இடைவெளியின்றி ஒரே பயிரை மலை முழுதும் நட்டதே அதன் வேகத்துக்குக் காரணம் என்று அவர் தெளிவாக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884இல் ஒரியண்டல் வங்கி வீழ்ந்தது. முதலாளிமாருள் பலர் தோட்டங்களை இழந்தனர். ஆனால் இராமேஸ்வரத்து வழியாக, மன்னார்க் காட்டு நெடுவழியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த நம் முன்னோர்? பெருந்தொகையானோர் வந்த வழியே வெறுங்கையுடன் திரும்பினர். கோப்பியின் வீழ்ச்சியைச் சொல்லும் நூல்கள் பல. அவர்தம் கண்ணீரைச் சொல்லும் பக்கங்களோ மிகச் சில.

தேயிலையின் வரலாற்றிலும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. இலையைச் சுருட்டித் தின்னும் புழுவொன்று தோட்டங்களைப் பாழாக்கியபோது, அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவி ஒன்றை 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து கொணர்ந்தனர். அக்குளவி காசு கேட்கவில்லை, விடுமுறையும் கேட்கவில்லை. மலைமலையாகப் பரவிப் புழுவை அடக்கிவைத்தது. பின்னர் தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். நஞ்சு பகைவனையும் நண்பனையும் பிரித்தறியவில்லை. குளவி மடிந்தது; அடங்கிக் கிடந்த புழு மீண்டும் தலையெடுத்தது. ஒரு நோய்க்கு மருந்து தேடும்போது மற்றொரு காவலைக் கொன்றுவிடலாகாது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் புகட்ட முடியாது.

ஆட்சியாளர் இதனைப் பயின்றனரா? 2015ஆம் ஆண்டில் களைக்கொல்லியான கிளைபோசேற்றுக்கு முழுத் தடை விதித்தனர். நோக்கம் நல்லதாயினும் ஆகட்டும். அதற்கு மாற்று என்ன என்று தோட்டங்களுக்குச் சொன்னாரில்லை. விளைவு? வேறு களைக்கொல்லிகள் புகுந்தன. அவற்றுள் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் ஜப்பானுக்குச் சென்ற தேயிலையில் காணப்பட்டது. தனி அளவு குறிக்கப்படாத மருந்துகளுக்கு, பத்து இலட்சத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் இடங்கொடாத நாடு அது. சரக்குகள் மறுக்கப்பட்டன. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. இது போதாதென்று, 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் ஓரிரவில் தடை வந்தது. நவம்பரில் அத்தடையும் விலக்கப்பட்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, மறு ஆண்டில் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. விஞ்ஞானத்தை வினவாமல் விதித்த ஆணையை வயிறு விலக்கியது.

ஆயினும் இருளின் நடுவே ஒரு விளக்கையும் நாம் மறைக்கலாகாது. அதே 2021இல் சீனக் கப்பலொன்று சேதன உரத்தைச் சுமந்து வந்தது. நமது தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் பயிருக்குக் கேடு செய்யக்கூடிய நுண்ணுயிர்கள் உள்ளன என்று அறிவித்தனர். விற்றவர் மறுத்தனர், வல்லரசின் சினம் எழுந்தது, ஈற்றில் 67 இலட்சம் டொலரை நம் நாடு கொடுத்தது. ஆனால் அவ்வுரம் மட்டும் நம் மண்ணில் இறங்கவில்லை. சம்பளத்துக்கு உழைக்கும் சில உத்தியோகத்தர்கள் காட்டிய அந்த முதுகெலும்பு நம் அரசியல்வாதிகளிடமும் இருந்திருக்குமாயின், 2017இல் கல்நாருக்கு வழி திறந்திருக்குமா?

இனி, தோட்டத்துக்கு வருவோம். ஏற்றுமதி தடைப்பட்டால் முதலில் அடிபடுவது யார்? ஏலத்தில் விலை இறங்கும். இறங்கிய விலை சம்பளப் பேச்சின் மேசைக்கு ஏறும். “சந்தை சரியில்லை” என்ற ஒரே வாய்பாடு நம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்படுகிறது. 2015 முதல் ஒலித்த நாளுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2021இல்தான் நிறைவேறியது. சந்தையின் நட்டத்தில் பங்கு கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, சந்தையைக் காக்கும் பொறுப்பில் பங்கு கொடுக்கத் தெரியாதா?

ஒன்றை வெளிப்படையாகவே கூறுவோம். மருந்து தெளித்த மலையில் குறித்த நாட்கள் கழியுமுன் கொழுந்து எடுக்கலாகாது என்பது விதி. எந்த மலைக்கு எந்த நாள் தெளித்தார்கள் என்பது பெரட்டுக்கு வரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். ஆனால், “ஐயா, இந்த மலைக்கு நாள் ஆகவில்லை” என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டா? சொன்னால் அன்றைய பேர் விழுமா? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையில் அவ்விழுக்கை முற்றாகத் துடைக்கக் காத்திருந்த ஒரு சமூகத்துக்கு, வாய் திறப்பது இன்னமும் எளிதாகவில்லை. அவ்வாய் மூடியிருக்கும் வரையில், ஜப்பானியச் சோதனைக்கூடத்தில்தான் நம் குற்றம் வெளிப்படும்.

ஆகவே, நாம் கோருவது இவை: ஏற்றுமதித் தேயிலை தங்கும் ஒவ்வொரு பண்டகசாலையும், ஏறும் ஒவ்வொரு கொள்கலனும் முறையாகச் சோதிக்கப்பட்டு, அப்பதிவேடு எவரும் பார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். தானியமும் தேயிலையும் ஒரே கூரையின் கீழ் கிடத்தலாகாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தைச் செயற்படுத்தும் உத்தியோகத்தருக்குப் போதிய ஆளும் கருவியும் தரப்படல் வேண்டும். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரைகள் எளிய தமிழிலே பெரட்டுக்களத்துக்கு வரவேண்டும். நோயையும் பூச்சியையும் இனங்கண்டு அறிவிக்கத் தோட்டந்தோறும் தொழிலாளருட் சிலரைப் பயிற்றி, அப்பணிக்குத் தனிச் சம்பளம் அளித்தல் வேண்டும். மருந்து தெளிப்போருக்குக் கையுறையும் முகக்கவசமும் ஏட்டளவில் அன்றி உடலளவில் கிடைத்தல் வேண்டும். நாள் ஆகாத மலையில் கொழுந்தெடுக்க மறுக்கும் உரிமை சட்டத்தால் காக்கப்படல் வேண்டும். தேயிலையின் பெரும்பங்கை இன்று விளைவிக்கும் சிறு தோட்டக்காரருக்கும் இவ்வுதவிகள் அனைத்தும் எட்டுதல் வேண்டும்.

இவற்றுக்குப் பணம் ஏது என்று கேட்பர். ஒரு வண்டுக்காக நாம் இழக்க இருந்தது எவ்வளவு என்று கணக்கிட்டுவிட்டு அவர்கள் கேட்கட்டும். வெள்ளம் வந்தபின் அணை கோலுவோர் இந்நாட்டில் என்றும் குறைவில்லை. வருமுன் அணை கோலுவோரையே நாம் தேடுகிறோம்.

நோட்டன் பிரிட்ஜ் மலையில் மறுபடியும் பனி இறங்கும். தளிரில் மறுபடியும் ஒரு பொட்டுத் தோன்றும். அதனை முதலில் காணப்போகிறவள் கூடை சுமந்த ஒரு தாய். அவள் சொல்வதைக் கேட்க ஒரு காதை ஏற்படுத்துங்கள். பிறகு எந்த வல்லரசின் முன்னும் நாம் மண்டியிட வேண்டியதில்லை.