மாற்றும் முன் சோதிப்போம்!



கார் ஒன்று சூடாகி ரோட்டோரம் நிற்கிறது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. உடனே நம் வாயில் என்ன வரும்? "மோட்டார் போச்சு, புதுசு போட்டுடலாம்." நானும் ஒருநாள் அப்படித்தான் சொன்னேன். அது எவ்வளவு தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பழகினேன். வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் வண்டியைக் கொண்டு வந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஊரில் எனக்குப் பெயரே 'படிச்ச பையன்'. விடுவேனா? ரிலேயைப் பிடுங்கி, அதன் 30, 87 ஓட்டைகளை ஒயரால் இணைத்தேன். மோட்டார் பிளக்கைக் கழற்றி, வரும் இரண்டு ஒயர்களிலும் மல்டிமீட்டரை வைத்தேன். 12 வோல்ட்!

"கரண்ட் வருது, மோட்டார் ஓடல. மோட்டார்தான் அவுட்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஓட்டுநர் முகம் வாடியது. "வட்டிக்கு வாங்கித்தான் தம்பி போடணும்" என்றார். என் முதல் வருட ஃபீசுக்காக அம்மாவின் தோட்டை அடகு வைக்கப் போன அப்பாவின் முகம் எனக்கு நினைவு வந்தது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய மெக்கானிக் அண்ணன் குறுக்கிட்டார். "அவசரப்படாத தம்பி. மோட்டாருக்கு நேரா பேட்டரியில இருந்து குடுத்துப் பாரு." பியூஸ் வைத்த ஒயரில் கொடுத்தேன். ஃபேன் பிய்த்துக்கொண்டு சுற்றியது!

பிறகு பிளக்கை மாட்டச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மோட்டாரின் எர்த் ஒயரிலும் வைக்கச் சொன்னார். 11 வோல்ட் காட்டியது. நல்ல எர்த்தில் அரை வோல்ட் கூடக் காட்டக் கூடாது. எர்த் ஒயர் பாடியோடு சேரும் போல்ட் துருப்பிடித்திருந்தது. மீட்டர் இழுப்பது துளிக் கரண்ட். அது துருவைத் தாண்டி வந்துவிடும். மோட்டார் கேட்பதோ பல ஆம்பியர். கேட்டவுடன் வோல்டேஜ் முழுவதும் அந்தத் துருவிலேயே தங்கிவிடுகிறது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினோம். ஃபேன் ஓடியது. என் பேச்சைக் கேட்டுப் புது மோட்டார் போட்டிருந்தால் அதுவும் ஓடியிருக்காது!

மற்ற பாகங்களும் இப்படித்தான். பியூஸைக் கண்ணால் பார்த்தால் போதாது, இரண்டு பக்கமும் டெஸ்ட் லாம்ப் வைக்க வேண்டும். ரிலே 'டிக்' என்றால் 85, 86 காயில் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம். பழைய வண்டிகளில் ரேடியேட்டரில் இரண்டு ஒயர் தெர்மோ ஸ்விட்ச் இருந்தால், அந்த ஒயர்களைச் சேர்த்ததும் ஃபேன் ஓட வேண்டும். புது வண்டிகளில் சென்சார் கம்ப்யூட்டருக்குப் போகிறது. சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறைகிறதா என்று அளக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும். பிளக்கைக் கழற்றாமல் இறக்கைப் பக்கம் கை வைக்காதீர்கள்.

"ஒர்க்ஷாப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது? மாற்றிப் பார்ப்பதுதான் சுலபம்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். யாருக்குச் சுலபம்? மாற்றிப் பார்ப்பது நம் கை, கரைவது அடுத்தவன் காசு.

நம் லேப் பலகையில் எல்லாப் பாகமும் நன்றாகவே இருக்கின்றன. படத்தைப் பார்த்து ஒயர் இணைத்தால் ஃபேன் சுற்றும், மார்க் விழும். பழுதைத் தேட யாரும் நம்மைப் பழக்குவதில்லை. என் கோரிக்கை இதுதான்: ஒர்க்ஷாப்பில் தூக்கிப் போடும் கருகிய ரிலேயை வாங்கி வருவோம். ஒருவன் பலகையில் பழுதை ஒளித்து வைக்கட்டும், இன்னொருவன் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த வழியைச் சொன்னால் மார்க் கொடுங்கள். செலவே இல்லை.

டிப்ளமா வாங்கிய கை, மாற்றும் கையாக மட்டும் இருந்தால் போதுமா? சோதிக்கும் கையாக வேண்டாமா? சிந்திப்போம் தோழர்களே!

- மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு