கடிவாளம் யார் கையில்?

விஞ்ஞானத்தால் உலகம் கெட்டுவிட்டது என்று சொல்லும் கட்சி ஒன்று உண்டு. அதை அதன் போக்கிலே விட்டுவிட்டால் எல்லாம் நலமாகும் என்னும் கட்சி மற்றொன்று. இரண்டிலும் நமக்குச் சம்மதமில்லை. குதிரை நல்ல குதிரைதான். கடிவாளம் யார் கையில் என்பதே கேள்வி.

ஜோஸப் ராட்பிளாட் என்பவர் போலந்து தேசத்தில் பிறந்த பௌதிக சாஸ்திரி. ஹிட்லருக்கு அணுகுண்டு முதலில் கிடைத்துவிட்டால் உலகத்தின் கதி என்ன ஆகும் என்று அஞ்சி, அமெரிக்காவில் நடந்த அணுகுண்டு வேலையில் சேர்ந்தார். ஜெர்மனி அம்முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்று 1944-ம் வருஷக் கடைசியில் அவருக்குத் தெரிய வந்தது. காரணம் போன பிறகு காரியம் எதற்கு என்று விலகிவிட்டார்.

வேலை நிற்கவில்லை. 1945 மே மாதத்தில் ஜெர்மனி சரணடைந்தது, அப்பொழுதும் நிற்கவில்லை. ஜப்பானுடன் யுத்தம் முடியவில்லையே என்றார்கள். பழைய காரணம் இறந்ததும் புதிய காரணம் அந்த ஆசனத்தில் அமர்ந்துவிட்டது. ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன.

'இது முடியுமா?' என்ற கேள்விக்கு விஞ்ஞானம் விடை சொல்லும். 'இது வேண்டுமா?' என்பதற்கு விடை தேடுவது தத்துவத்தின் வேலை. அதை ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டால் போதாது. பணமும் பெருமையும் கொட்டிய பிறகு ஒரு காரியத்தை நிறுத்த எவருக்கும் மனம் வருவதில்லை. ஆதலால் நடுவிலும் கேட்க வேண்டும்.

தனி ஒருவர் விலகினால் மட்டும் போதுமா? போதாது, கூடி நிற்க வேண்டும். அதுவும் நடந்திருக்கிறது. ஓர் உயிரின் மரபணுவை வேறோர் உயிரில் சேர்க்கும் வித்தை கைவந்தபோது, 1974-ல் உயிரியல் விஞ்ஞானிகள் சில சோதனைகளைத் தாமாகவே நிறுத்திவைத்தார்கள். 1975-ல் கலிபோர்னியாவில் அஸிலோமார் என்னும் இடத்தில் கூடிப் பாதுகாப்பு விதிகளை வகுத்த பின்னரே தொடர்ந்தார்கள். இதனால் விஞ்ஞானம் முடங்கிவிடவில்லை. அந்த வித்தையால் செய்த இன்ஸுலின் 1982-ல் நீரிழிவுக்காரர்களுக்கு மருந்தாக வந்தது.

ஆனால் அக்கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் விஞ்ஞானிகளே. ஆபத்து வந்தால் அனுபவிக்கப் போகிறவர்களோ நாம் எல்லோரும். ஆகவே கேட்கும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. இன்று மனிதனைப் போல் உரையாடும் யந்திரங்களுக்காகப் பெருந்தொகை செலவாகிறது. 'போட்டிக்காரன் முந்திவிடுவான்' என்ற பழைய காரணமே மறுபடியும் காதில் விழுகிறது. அந்தக் காரணத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று அடிக்கடி நாடி பிடித்துப் பார்ப்பது நம் அனைவருடைய கடமை.