வாளால் ஒழியாத நஞ்சு

பிரான்சு தேசத்தின் கான் நகரிலே ஆண்டுதோறும் நடைபெறும் உலகத் திரைப்பட விழாவில், 2015ஆம் ஆண்டு மே மாதம், தலையாய பரிசாகிய தங்கப் பனையோலை, பெரும்பகுதி தமிழிலேயே பேசப்படும் ஒரு படத்துக்குக் கிடைத்தது. ‘தீபன்’ என்பது அதன் பெயர். நெறிப்படுத்தியவர் ழாக் ஒடியார் என்னும் பிரெஞ்சுக்காரர். கதாநாயகனாகத் தோன்றியவரோ எம்மவர். ஷோபாசக்தி என எழுத்துலகம் அறிந்த அன்ரனிதாசன் யேசுதாசன், யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் அல்லைப்பிட்டியிற் பிறந்து, இளம் பருவத்திலே இயக்கத்திற் சேர்ந்து, பின் அதனின்றும் விலகி, அகதியாகப் பிரான்சு சேர்ந்தவர். பரிசுச் செய்தி கேட்டுத் தமிழர் மகிழ்ந்தனர். மகிழ்ந்ததோடு நின்றும் விட்டனர். போர்வீரன் ஒருவனைப் போர் முடிந்தபின் என் செய்வது என அப்படம் எழுப்பிய வினாவுக்கு இந்நாட்டில் இன்னும் நேரிய விடை பிறக்கவில்லை.

படத்தைப் பார்த்தோர் சிலர், பாராதோர் பலர். ஆதலின் கதையைச் சுருக்கிக் கூறுவது தகும். போரின் கடைசி நாட்களிலே, மாண்ட தோழர்களின் உடல்களுக்கு எரியூட்டித் தன் சீருடையையும் அத்தீயில் இடுகின்றான் ஒரு போராளி. இறந்துபோன தீபன் என்பவனின் கடவுச்சீட்டு அவன் கைக்கு வருகின்றது. முன்பின் அறியாத ஒரு பெண் மனைவியாகவும், பெற்றோரை இழந்த ஒரு சிறுமி மகளாகவும் வேடம் பூண, மூவரும் ஒரு குடும்பமெனச் சொல்லிப் பிரான்சை அடைகின்றனர். பாரிஸ் நகரின் புறத்தே ஏழைகள் வாழும் மாடிக் குடியிருப்பொன்றில் அவனுக்குக் காவற்காரன் வேலை கிடைக்கின்றது. கூட்டுகின்றான், பழுது பார்க்கின்றான், மெல்ல மனிதனாகின்றான். ஆனால் அக்குடியிருப்பு போதை வியாபாரிகளின் கோட்டை. அவன் மனைவியென வந்தவள் சமைக்கச் செல்லும் வீட்டிலேயே கும்பலின் தலைவன் இருக்கின்றான். துப்பாக்கிச் சத்தம் மீண்டும் காதில் விழுகின்றது. பொறுக்கமாட்டாத தீபன், முற்றத்தின் குறுக்கே வெள்ளைக் கோடொன்று இழுத்து, இதற்கு இப்பால் எவரும் சுடலாகாது என்கின்றான். 2009இல் முல்லைத்தீவுக் கரையிலே ‘பாதுகாப்பு வலயம்’ என அறிவிக்கப்பட்ட நிலத்தில் மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு அக்கோட்டின் பொருள் விளங்கும். ஈற்றில், அப்பெண்ணைக் காக்க, வெட்டுக்கத்தியோடு படியேறிக் கும்பலை வீழ்த்துகின்றான். அடுத்த காட்சி இங்கிலாந்து, அமைதியான வீடு, குழந்தை. படம் முடிகின்றது.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் வாழும் முஸ்லிம் மக்களுக்கு, புலிப்படையினன் ஒருவனைக் கதாநாயகனாகக் கண்டு இரங்குவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். 1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டதை எவர் மறப்பர்? அதே மாதத்தில் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையிலே தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டதைத்தான் எவர் மறப்பர்? ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க நாம் வரவில்லை. இக்கரையிலே துப்பாக்கி ஏந்தியவர் ஒரு சாராரல்லர் என்பதை நினைவூட்டவே இதனைச் சொல்லுகின்றோம். இயக்கங்களிற் சேர்ந்த தமிழ் இளைஞர் ஏந்தினர், ஊர்காவற் படையிற் சேர்ந்த முஸ்லிம், சிங்கள இளைஞர் ஏந்தினர், இராணுவத்தார் ஏந்தினர். போர் ஓய்ந்தது. உயிரோடு எஞ்சியோர் தத்தம் ஊருக்குத் திரும்பினர். அவர்களில் எவனுக்கும் தீபனின் நிலை நேரலாம்.

புலிகள் இயக்கத்திலிருந்து ஏறத்தாழ 12,000 பேரைப் புனர்வாழ்வளித்து விடுவித்ததாக அரசாங்கம் கணக்குக் காட்டிற்று. விடுவிக்கப்பட்டவன் வீட்டுக்குப் பொலிஸார் வந்து விசாரிப்பதைக் கண்டு, வேலை கொடுக்க எண்ணியவனும் பின்வாங்கினான். மறுபுறத்தே, படையை விட்டோடிய சிப்பாய்கள் பாதாளக் கும்பல்களின் கூலிக் கொலைகாரராகக் கைதாகும் செய்திகள் ஆண்டுதோறும் வந்த வண்ணம் உள்ளன. இருவரும் எதிரெதிரே நின்று போர் செய்தவர்கள். எனினும் இருவரையும் வாங்க ஒரே சந்தை காத்திருக்கின்றது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த, பிறிதொரு தொழில் தெரியாத, எவரும் மதியாத மனிதன் போதை வியாபாரிக்குக் கிடைத்தற்கரிய சரக்கல்லவா?

அச்சந்தையின் போக்கையும் சிறிது நோக்குவோம். ஆப்கானிஸ்தானத்தின் அபினி ஹெரோயினாக மாறி, ஈரான், பாகிஸ்தான் நாடுகளின் மக்ரான் கரையிலிருந்து மரக்கலங்களில் அரபிக்கடலைக் கடக்கின்றது. நடுக்கடலிலே இலங்கை மீன்பிடிப் படகுகளுக்கு அது கைமாறுகின்றது. 2022 ஏப்ரலில் தாலிபான் ஆட்சி அபினிச் செய்கையைத் தடை செய்தது. மறு ஆண்டிலே பயிர் நூற்றுக்கு 95 பங்கு குறைந்தது என ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகம் மதிப்பிட்டது. அதனால் வியாபாரம் படுத்துவிட்டதா? இல்லை. பயிரை வேண்டாது இரசாயனத்தாற் செய்யப்படும் ‘ஐஸ்’ என்னும் நஞ்சு பெருகிற்று. அது இன்று எமது கரையோர ஊர்களிலும் புகுந்துவிட்டதை அறியாதார் இலர். வலை இழுக்கும் வீட்டிலும், வயல் விதைக்கும் வீட்டிலும், பட்டதாரி வாழும் வீட்டிலும் அது நுழைந்துள்ளது. படகிற் சென்றவன் பிடிபடுகின்றான். பொட்டலம் விற்ற பையன் பிடிபடுகின்றான். முதல் போட்டவனோ பல வேளைகளில் கடல் கடந்த தேசத்திலே சுகமாக இருக்கின்றான்.

நிற்க. ‘தீபன்’ படத்தின் முற்பகுதி முழுவதும் உண்மை, முடிவுதான் பொய். ஒரு கத்தி, ஒரு மாடிப்படி, சில நிமிடம். அதனோடு துன்பமெல்லாம் தீர்ந்து இங்கிலாந்திலே இன்ப வாழ்வு! அந்தக் குடியிருப்பு என்ன ஆயிற்று? செத்தவர்களின் இடத்துக்கு மறுநாள் வேறு பையன்கள் வந்திருக்க மாட்டார்களா? சீருடையைத் தீயிலிட்டவன் மீண்டும் கொலைத் தொழிலுக்குத் திரும்பியதை வெற்றியென்று கொள்வதா, தோல்வியென்று கொள்வதா? அவனைக் காவற்காரனாக்கி மனிதனாக்கியது வேலை. மீண்டும் கொலைஞனாக்கியது வேறு வழியின்மை. படம் இதனைச் சொல்லாது தப்பிக்கொள்கின்றது. திரைப்படம் தப்பிக்கொள்ளலாம். ஓர் அரசாங்கம் தப்பிக்கொள்ளலாகாது.

ஆயின் இந்நாட்டு அரசாங்கங்கள் செய்தது யாது? படத்தின் இறுதிக் காட்சியைத்தான் மீண்டும் மீண்டும் அரங்கேற்றின. 1984ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுட் சிறை என்றது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் 5 கிராம் ஐஸுக்கும் அதனையே விதித்தது. 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படாத இந்நாட்டிலே, 2019இல் நால்வரின் தூக்குப் பத்திரத்திற் கையொப்பமிட்டதாக அன்றைய ஜனாதிபதி பெருமையோடு அறிவித்தார்; உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்திற்று. 2023 டிசம்பர் 17இல் ‘யுக்திய’ என்னும் வேட்டை தொடங்கிற்று. ஒரு மாதத்துக்குள் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர் கண்டித்தனர். அத்தனை கைதுக்குப் பின்னும் நஞ்சு கிடைக்காத ஊர் எது என்று எவரேனும் கூற வல்லரா?

எமது கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அறக்கொட்டியான் விழுந்த வயலுக்கு மருந்தை அள்ளி வீசினால், அதனைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்து மடியும்; சில நாளில் பூச்சி முன்னிலும் பெருகி வரும். ‘யுக்திய’ அவ்வாறு வீசப்பட்ட மருந்தே. நோயாளியும் வியாபாரியும் ஒரே வண்டியில் ஏற்றப்பட்டனர். பையனைத் திருத்தியிருக்கக்கூடிய பள்ளிக்கூடமும் தொழிலும் அவன் கையை விட்டுப் போயின.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 2022 செப்டெம்பரில் வெளியான புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், போதைக்கு அடிமையானவரையும் முன்னாட் போராளிகளையும் ஒரே பட்டியலில் நிறுத்திற்று! உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணென்று கூறிய பின்னரே, முன்னாட் போராளிகளைப் பற்றிய சொற்கள் நீக்கப்பட்டு, 2023 ஜனவரியிலே சட்டம் நிறைவேறிற்று. சொல் நீங்கிற்று, எண்ணம் நீங்கிற்றா? பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு முகாமைப் பாருங்கள். முன்னர் சரணடைந்த போராளிகள் வைக்கப்பட்ட இடம் அது; பின்னர் அதுவே போதைக்கு அடிமையானோரின் இடமாயிற்று. சீருடையினர் கண்காணிப்பு மாறவில்லை. 2022 ஜூனில் அங்கே ஓர் இளைஞன் உயிரிழந்தான், கலவரம் மூண்டது, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினர், படையைச் சேர்ந்தோர் சிலர் சந்தேகத்திற் கைதாயினர். நோய் தீர்க்கப் போன இடத்தில் உயிர் போகுமானால் அதனை ஆஸ்பத்திரி என்பதா, சிறை என்பதா?

வேறு வழி உண்டா எனக் கேட்போருக்கு அமெரிக்க தேசத்து அனுபவம் ஒன்று போதும். வியட்நாம் போரிலே நின்ற அமெரிக்கச் சிப்பாய்களில் ஐவரில் ஒருவர் அளவினர் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தனர். இவர்கள் நாடு திரும்பினால் நாடே கெடும் என அஞ்சினர். லீ றொபின்ஸ் என்னும் பெண் அறிஞர், 1971இல் திரும்பியோரைத் தேடிச் சென்று ஆராய்ந்தார். அங்கே அடிமையாயிருந்தோருள், வீடு சேர்ந்து ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே! காரணம் என்ன? போர்க்களத்தின் அச்சமும் வெறுமையும் மலிவான சரக்கும் அகன்றன; வீடும் உறவும் தொழிலும் வாய்த்தன. ஐஸ் போதையை மாற்ற நிச்சயமான மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. உளவளத் துணையும், இடைவிடாத கவனிப்பும், ஒழுங்கான வேலையுமே அதற்கு மருந்து. இவை முகாமிற் கிடைப்பனவல்ல, ஊரிற் கிடைப்பன.

ஆதலின் நாம் கேட்பன மூன்று. முதலாவது, போதைக்கு அடிமையானவனின் சிகிச்சையைப் படையினர் கையிலிருந்து எடுத்துச் சுகாதார அமைச்சிடம் முழுமையாக ஒப்படைக்க வேண்டும். அம்பாறைக் கரையோர ஆஸ்பத்திரிகளிலே அவனது தாய்மொழியாகிய தமிழில் அவனோடு பேசும் வைத்தியரும் உளவளத் துணையாளரும் போதிய தொகையில் நியமிக்கப்பட வேண்டும். இரண்டாவது, சட்டத்தின் பாரம் பொட்டலம் வைத்திருந்தவன் மீதன்றி, முதல் போட்டவனின் வங்கிக் கணக்கின் மீதும் காணியின் மீதும் விழ வேண்டும். மூன்றாவது, போரிலிருந்து திரும்பியவன் எப்பக்கத்தவனாயினும், அவனுக்குத் தொழில் வேண்டும். அவன் வீட்டு வாசலிற் பொலிஸாரின் விசாரணை ஓய வேண்டும்.

இவற்றை அரசாங்கம் தானாகச் செய்யுமென நாம் நம்பவில்லை. எமது பங்கும் உண்டு. கல்முனை நகரத்து வைத்தியர்களே, வழக்கறிஞர்களே, ஆசிரியர்களே! மகன் போதையில் வீழ்ந்தான் என்பதை மானத்துக்கு அஞ்சி மறைக்கும் பெற்றோர் உங்களிடம் முதலில் வர அஞ்சாத நிலையை உண்டாக்குங்கள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களே, கோயில் தர்மகர்த்தாக்களே! அவனை ஊரைவிட்டு விலக்கி வைத்தால் வியாபாரியே அவனை ஏற்றுக்கொள்வான் என்பதை மறவாதீர். கமக்காரரே, போடியார்களே! அறுவடை இயந்திரம் வந்தபின் வயலிலே கூலிவேலை அருகிவிட்டது உண்மையே. எனினும் ஆலையிலும் களஞ்சியத்திலும் வாய்க்காலிலும், திருந்தி வந்த ஓரிளைஞனுக்கு ஒரு போகமேனும் வேலை கொடுத்துப் பாருங்கள். அந்த ஒரு போகம் அவன் ஆயுளை மாற்றிவிடக்கூடும்.

தீபன் முற்றத்தில் இழுத்த வெள்ளைக் கோட்டைக் கும்பல் மதிக்கவில்லை. ஏன்? அவன் தனியனாய் நின்று இழுத்தான். குடியிருப்பார் அனைவரும் கதவடைத்துச் சன்னல் வழியே பார்த்திருந்தனர். கல்முனைக் கரையிலும் அவ்வாறே நாம் பார்த்திருப்போமாயின், எமது பிள்ளைகளுள் ஒருவன் சரக்கையும் மற்றொருவன் கத்தியையும் கையிலெடுப்பான். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்று அக்கோட்டை இழுக்கட்டும்.