முதுகு ஊசியின் மேல் விழுந்த பழி

அறுவை சிகிச்சைக்கு மரக்கச் செய்ய முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்புவலிதான் என்ற நம்பிக்கை குமரி மாவட்டத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் இருக்கிறது. 1838இலேயே நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கிய மண் இது. இங்கேயே முழங்கால் ஜவ்வு சிகிச்சைக்கோ, பழைய முறிவில் வைத்த பிளேட்டை எடுக்கவோ காலையில் சேர்ந்து மாலையில் வீடு திரும்ப வேண்டியவர், "முதுகில் மட்டும் வேண்டாம், முழு மயக்கம் கொடுங்கள்" என்று மேசையில் ஏறும் நேரத்தில் மறுக்கிறார். அவருடைய நுரையீரலுக்கு எது நல்லது, எந்த மூட்டுக்கு எது பொருந்தும் என்று பேச வேண்டிய இடத்தில் பொய்யான பயம் முடிவெடுக்கிறது.

முதுகெலும்பில் கைவைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை வர்ம மரபில் ஊறிய ஊருக்கு இயல்பானது, அதை மதிக்கிறேன். ஆனால் பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, நரம்பு வேர்கள் நீரில் மிதக்கும் இடத்தில். ஊசியின் பருமன் அரை மில்லிமீட்டர்தான். மருந்து சில மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்து வெளியேறிவிடும். நிலையான நரம்புச் சேதம் அறவே வராது என்று சொல்லவில்லை. பிரிட்டனில் 2009இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட முதுகுவழி மயக்க ஊசிகளை ஆராய்ந்தது. ஒரு லட்சம் பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கே அத்தகைய பாதிப்பு என்று கண்டது.

"ஊசிக்குப் பிறகுதானே வலி வந்தது?" என்பதே வலுவான மறுப்பு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். பெரும்பாலும் முதுகு ஊசியில்தான் செய்கிறார்கள். பிள்ளையைத் தூக்கி, தண்ணீர் சுமந்து, முந்திரி ஆலையில் நாள் முழுக்கக் குந்தி உட்காரும் பெண்ணுக்கு ஊசி போடாமலே இடுப்பு வலிக்கும். வலி வந்த பிறகு காரணம் தேடும்போது நினைவில் நிற்பது அந்த ஊசிதான். ஆய்வாளர்களும் இதில் தடுமாறியதுண்டு. 1990இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பர்மிங்காமில் பிரசவித்த பெண்களிடம் பின்னர் விசாரித்தபோது, பிரசவ வலிக்கு முதுகில் எபிடியூரல் ஊசி போட்டவர்களில் முதுகுவலி கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிப் பின்தொடர்ந்த பிரிட்டன் ஆய்வு 2002இல் வெளிவந்தபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. அறுவை சிகிச்சைக்குப் போடும் முதுகு ஊசியைவிடத் தடித்த எபிடியூரல் ஊசிக்கே இந்த முடிவு. குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கும், அது ஆறிவிடும்.

அதற்காக எல்லோருக்கும் முதுகு ஊசியே சிறந்தது என்று வாதிடவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 60 நாளில் இறந்தவரும் துணையின்றி நடக்க முடியாதவரும் சேர்த்து முதுகு ஊசிப் பிரிவில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு முதுகு ஊசி ஆபத்தாகலாம். கைமுறிவுக்குத் தோளருகே நரம்பை மட்டும் மரக்கச் செய்தால் போதும். அன்றே வீடு போக வேண்டியவருக்குச் சீக்கிரம் தெளியும் மருந்து தேவை. கால் ஊன்றி நடந்து, சிறுநீர் கழித்த பிறகே அனுப்ப வேண்டும்.

பொய்ப் பயம் செய்யும் பெரிய கேடு, உண்மையான பக்கவிளைவை மறைப்பதுதான். முதுகு ஊசிக்குப் பின் சிலருக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வரும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் சிகிச்சை உண்டு. அது தொடங்கும்போது, அன்றே வீடு திரும்பியவர் தேங்காய்ப்பட்டணத்திலோ ஆரல்வாய்மொழியிலோ தன் வீட்டில் இருப்பார். இடுப்புவலியைப் பற்றி ஊரே எச்சரித்திருக்கும், இந்தத் தலைவலியைப் பற்றி ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அதைத் தமிழில் எழுதி, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுக்க மருத்துவமனைகளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.