நல்ல பல்லைப் பிடுங்காதீர்கள்

பக்கவாதத்துக்குப் பின் முகம் எரிவதெல்லாம் மனப்பிரமையாம். கன்னத்தில் காயமே இல்லையாம். மறைமலைநகர் நண்பர் சாதிக்கிறார். காயம் கன்னத்தில் ஏன் இருக்கவேண்டும்? முகத்தின் உணர்வு மூளைத்தண்டு, தலாமஸ் என்னும் மூளைப்பகுதி வழியாகத்தான் மேலே போகிறது. அந்தத் தடம் சிதைந்தால் துண்டு உரசினாலே தீயாய்ச் சுடலாம். மருத்துவர்கள் டெஜெரினும் ரூசியும் 1906-லேயே இதை விவரித்துவிட்டார்கள்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டார். இல்லாத கட்டைவிரல் உணர்ந்தது. அது வலியல்ல என்பீர்கள். சரி, ஒப்புகிறேன். ஆனால் காயமில்லாத இடத்தில் மூளை உணர்வை எழுப்பும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? பக்கவாதம் மட்டுமல்ல, ஜி.எஸ்.டி. சாலையில் ஹெல்மெட்டின்றி விழுந்து தலையில் அடிபட்டவருக்கும் இந்த முக எரிச்சல் வரலாம்.

அமிட்ரிப்டிலின் மருந்து சிலருக்குக் கேட்கும். பல்வலி என்று எண்ணி இவர்களைப் பல் டாக்டரிடம் அனுப்பாதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.