மடிக்கணினிக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

நொடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒன்றை மீண்டும் நூறு கோடிப் பங்காக்கினால் கிடைப்பது அட்டோநொடி. எலக்ட்ரானின் ஓட்டம் இந்த அளவில்தான் பிடிபடும். அதற்கான ஒளித்துடிப்புகளை உருவாக்கிய அகோஸ்தினி, கிராவுஸ், ஆன் லூலியே மூவரும் 2023-ல் நோபல் பரிசு பெற்றனர். அத்தகைய லேசர் கூடம் நம் கலைக் கல்லூரிகளுக்கு எட்டாக்கனி, மறுப்பதற்கில்லை.

கோட்பாட்டுப் பக்கம் கதை வேறு. லேசர் புலத்தில் சிக்கிய ஒற்றை எலக்ட்ரானுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை ஒரு பரிமாணத்தில் தீர்க்க, மடிக்கணினியும் பைத்தானும் போதும். அணுவிலிருந்து பிய்க்கப்பட்ட எலக்ட்ரான், புலம் திசைமாறியதும் திரும்பி வந்து மோதி உயர் ஆற்றல் ஒளியை உமிழ்வதை (1993-ல் பால் கோர்க்கம் தந்த விளக்கம் இது) பி.எஸ்சி. மாணவியே கணித்துப் பார்க்கலாம். 'ஆக்டோபஸ்' போன்ற கட்டற்ற மென்பொருள்களும் இருக்கின்றன.

மாணவர்கள் இத்தகைய ஆய்வில் இறங்க உதவித்தொகையும் துணைநிற்கும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஆனால் இந்தியாவிலேயே மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை வழங்கிவருகின்றன. அதைப் பற்றி வகுப்பில் சொல்ல எத்தனை துறைத்தலைவர்களுக்கு மனம் வருகிறது? இறுதியாண்டு ப்ராஜெக்ட் பல இடங்களில் பைண்டிங் கடையோடு முடிந்துவிடுகிறது. கணக்கீட்டு ஆய்வை அதற்கு மாற்றாகப் பல்கலைக்கழகங்கள் ஏற்று, உரிய மதிப்பெண்ணும் வழங்க வேண்டும்.